வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் யாரைக் கேட்பது?

பருவநிலை மாற்றம் நம் உரிமைகளை எப்படிப் பாதிக்கிறது, அதற்கு அரசும் தொழில் நிறுவனங்களும் எந்த அளவுக்குப் பொறுப்பு என்பது பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆறினை எடுத்துக்கொண்டு, இவ்விரு மாவட்டங்களிலும் நெடுநாளாக வழக்காடிவரும் வழக்கறிஞர் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். கேட்டவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி வெளியிடவில்லை.

மளிகைக் கடைக்காரர், ஊத்தங்கரை

கேள்வி: 2024 டிசம்பர் மழையில் என் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்து சரக்கெல்லாம் வீணாயிற்று. போய்க் கேட்டால், "இயற்கைச் சீற்றத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். மழை எப்படி ஒருவனுடைய மனித உரிமையைப் பறிக்கும்?

பதில்: மழை பறிப்பதில்லை. இப்படிப்பட்ட மழை வரக்கூடும் என்று அறிந்திருக்க வேண்டியவர்கள், அதற்காகச் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டிருந்தால், அந்த இடத்தில்தான் உரிமை மீறல் தொடங்குகிறது.

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்து உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது, டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அரூரில் 33 சென்டிமீட்டர். நம் பகுதிக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போன காட்சியை நாடே பார்த்தது. நான்கு நாட்கள் கழித்து நான் உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். ஒரு வீட்டு வாசலில் துணி காயப்போடும் கொடியில் குடும்ப அட்டையும் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு பெண், தன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, இஸ்திரிப் பெட்டியை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள். எழுத்துகள் தாளை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவள் கையில் தெரிந்தது. ஒரு வெள்ளம் எதையெல்லாம் அடித்துச் செல்லும் என்பதை எந்தச் சட்டப் புத்தகத்தைக் காட்டிலும் தெளிவாக அன்று புரிந்துகொண்டேன்.

காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான ஈரத்தைத் தாங்கும். தாங்கிய ஈரம் ஒருநாள் பெருமழையாக இறங்கத்தான் செய்யும். அறிவியல் இதைப் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவதால், "எதிர்பாராத மழை" என்ற சொல்லை எந்த நிர்வாகமும் இனி எளிதாகச் சொல்லித் தப்பிவிட முடியாது. ஏரிக்கு நீர் வரும் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, ஏரி நிரம்பி வழியும் கலங்கலுக்குக் கீழே யார் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள், எச்சரிக்கை எத்தனை மணிக்குத் தெருவுக்கு வந்து சேர்ந்தது என்பவை எல்லாம் விடை சொல்லியாக வேண்டிய கேள்விகள்.

உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை, சமத்துவத்தையும் வாழ்வுரிமையையும் தரும் அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளிலிருந்தே பிறக்கிறது என்று கூறியது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மின்கம்பிகளில் மோதிச் சாகும் கானமயில் பறவையைக் காப்பது பற்றிய வழக்கு அது. பறவைக்காகத் தொடங்கிய வழக்கில் மனிதருக்கும் ஒரு சொல் கிடைத்தது. 2025 ஜூலை 23 அன்று பன்னாட்டு நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், தம் ஆளுகைக்குட்பட்ட தனியார் நிறுவனங்களை ஒழுங்குபடுத்துவதும் அக்கடமையில் அடங்கும் என்றும் சொன்னது.

உங்கள் இழப்புக்கு வருவோம். பேரிடர் நிவாரண விதிகள் உயிர், வீடு, பயிர், கால்நடை ஆகியவற்றுக்குத் தொகை வகுத்திருக்கின்றன. கடைச் சரக்கு அதில் இடம்பெறவில்லை. சிறு வணிகனின் மூலதனம் அவனுடைய வாழ்வாதாரமே என்பதை அந்த விதிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று உங்கள் வணிகர் சங்கம் எழுத்து மூலம் கேட்பது நியாயமானது. கேட்டே ஆக வேண்டும் என்பேன்.

உதிரிபாகத் தொழிற்சாலை மேலாளர், ஓசூர்

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருக்கிறது. ஆண்டுதோறும் பள்ளிகளில் மரக்கன்று நடுகிறோம். மனித உரிமையைக் காப்பது அரசின் வேலை. இதற்கு மேல் எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

பதில்: நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் மறைக்காமல் சொல்கிறேன். காப்பது அரசின் வேலை என்பது சரி. அதோடு உங்கள் பொறுப்பு தீர்ந்துவிட்டது என்பது சரியில்லை.

ஐ.நா. மனித உரிமை மன்றம் 2011 ஜூன் மாதம் தொழிலும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டு நெறிகளை ஒருமனதாக ஏற்றது. ஜான் ரகி என்ற பேராசிரியர் தலைமையில் உருவான அந்த 31 நெறிகளும் மூன்று தூண்களின்மேல் நிற்கின்றன: காப்பது அரசின் கடமை, மதித்து நடப்பது நிறுவனத்தின் பொறுப்பு, பாதிக்கப்பட்டவருக்குத் தீர்வு கிடைப்பது இருவரும் சேர்ந்து செய்து தர வேண்டியது. அரசு தன் கடமையில் தவறினாலும் நிறுவனத்தின் பொறுப்பு அப்படியே நிற்கும் என்று அந்நெறிகள் சொல்கின்றன. ஆகவே இசைவாணை என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். அதைப் பெற்றுவிட்ட காரணத்தால் மற்றவற்றுக்குப் பொறுப்பில்லை என்றாகாது. நிறுவனம் பெரியதா சிறியதா என்பதைப் பொறுத்து முறைகள் மாறலாம், பொறுப்பு மாறாது.

மரக்கன்று நடுவது நல்ல காரியம், விட்டுவிடாதீர்கள். ஆனால் ஓரிடத்தில் செய்த தீங்கை வேறோரிடத்தில் செய்த கொடையால் ஈடுகட்ட முடியாது என்று அந்நெறிகளின் விளக்கவுரையே கூறுகிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் பெரிய நிறுவனங்கள் நிகர லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்வது ஒரு கணக்கு. மீதி 98 சதவீதம் எப்படி ஈட்டப்பட்டது என்பது இன்னொரு கணக்கு. என்னைக் கேட்டால், இரண்டாவது கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதை எப்படிப் பார்ப்பது? கோடையில் உங்கள் ஆலைக்குத் தண்ணீர் லாரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த லாரி எந்த ஊரில், யாருடைய ஆழ்துளைக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வருகிறது, அந்தக் கிணற்றைச் சுற்றியுள்ள வீடுகளில் பெண்கள் எத்தனை மணிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள் என்று ஒருநாள் லாரியின் பின்னால் போய்ப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் வழியாக வந்திருக்கும் ஒடிசா, பீகார் இளைஞர்கள் பத்துப் பேர் ஓர் அறையில் தகரக் கூரைக்கு அடியில் தங்கியிருக்கிறார்களா, இரவு வேலை முடித்து வந்தவர்களால் பகல் வெக்கையில் கண்ணயர முடிகிறதா என்று பாருங்கள். டீசல் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, கொதிகலனில் எதை எரிக்கிறீர்கள், கழிவுநீர் எங்கே போகிறது என்பதெல்லாம் இதோடு சேர்ந்தவை. கண்டதை எழுதி வைத்து, திருத்த வேண்டியதைத் திருத்தி, பாதிக்கப்படுகிறவர்களிடமே கேட்டு, திருத்தம் பலித்ததா என்று மறுபடி பார்ப்பதைத்தான் அந்நெறிகள் நிறுவனத்தின் உரிய கவனம் என்கின்றன.

இது உங்கள் வாசலுக்கே வந்து சேரும். பங்குச் சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், பொறுப்பான தொழில் நடத்தை குறித்த அறிக்கையை 2022–23 நிதியாண்டு முதல் கட்டாயமாக வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி ஆக்கியிருக்கிறது. அவர்களுக்கு உதிரிபாகம் தருகிற உங்களிடமும் மின்சாரம், தண்ணீர், தொழிலாளர் நலம் பற்றிய படிவங்கள் வரும். அவற்றை ஆலோசகரிடம் கொடுத்து நிரப்பி அனுப்பிவிடுவது எளிது. லாரிக்குப் பின்னால் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

ரோஜாப் பண்ணைத் தொழிலாளி, தளி

கேள்வி: பசுமைக்குடிலுக்குள் ரோஜா பறிக்கிறேன். பங்குனி, சித்திரையில் உள்ளே நெருப்பாய் இருக்கிறது. போன வருடம் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். வெளியே வந்து உட்கார்ந்தால் அரைநாள் கூலி போய்விடும். இதற்கெல்லாம் சட்டம் உண்டா?

பதில்: உண்டு, சகோதரி. ஆனால் உங்கள் நிலைமைக்குச் சரியாகப் பொருந்தும்படி அது இன்னும் தைக்கப்படவில்லை. இரண்டையும் சொல்கிறேன்.

வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் வானிலைத் துறையின் அளவுகோலின்படி, பொதுவாகச் சமவெளியில் 40 டிகிரி செல்சியசை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் அது வெப்ப அலை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் பக்கத்தில் வெளியே 40 டிகிரி ஆவது அரிது. வெள்ளைக்காரர்கள் தளியைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்ததே அந்தக் குளிர்ச்சிக்காகத்தான். நீங்கள் நிற்பது வெளியே இல்லையே. பிளாஸ்டிக் கூரை வெயிலை உள்ளே விட்டு வெக்கையை வெளியே விடாமல் வைத்திருக்க, சொட்டு நீரும் தெளிப்பும் ஈரத்தைக் கூட்ட, வியர்வை உலர வழியில்லாத காற்றில் உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள முடியாமல் போகிறது. வானிலை அறிக்கையில் ஓசூர் 36 என்று இருக்கும்; உங்கள் உடம்பு படுகிற பாடு அந்த எண்ணில் வராது. வேலை நடக்கும் இடத்திலேயே வெப்பமும் ஈரமும் அளக்கப்பட வேண்டும் என்பதே இதில் என் உறுதியான கருத்து. அரசு விதியாகவே கொண்டுவர வேண்டியது இது.

முதலாளியின் பொறுப்பு பற்றி உச்ச நீதிமன்றம் 1995லேயே பேசிவிட்டது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், முதலாளி அரசானாலும் தனியாரானாலும் அதைக் காக்கக் கட்டுப்பட்டவர் என்றும் கூறியது. நியாயமான, மனிதத்தன்மையுள்ள வேலைச் சூழலுக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்பது அரசமைப்பின் 42ஆம் பிரிவு.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், கழிப்பறை தொலைவில் இருப்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று சிறிதாக எழுதியிருக்கிறீர்கள். கேள்வியைவிட அந்த ஒரு வரி என்னை அதிகம் கலங்கச் செய்தது. மயக்கத்துக்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கலாம். சிறுநீரகத்துக்கும் அது கேடு. பறிப்பை விடியற்காலைக்கும் மாலைக்கும் மாற்றுதல், நடு வெயிலில் கூலி பிடிக்காத ஓய்வு, கைக்கெட்டும் தூரத்தில் குடிநீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும், பக்கத்திலேயே கழிப்பறை என்பவற்றைப் பத்துப் பேராகக் கையெழுத்திட்டு முதலில் பண்ணை நிர்வாகத்திடம் கொடுங்கள். தனியாகக் கேட்க வேண்டாம். தனியாகக் கேட்டவரை வேலையை விட்டு நிறுத்துவது எளிது. அங்கே பலன் இல்லையென்றால் தொழிலாளர் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அதே மனுவை அனுப்புங்கள்.

பள்ளி ஆசிரியர், பென்னாகரம்

கேள்வி: என் வகுப்பில் பல பிள்ளைகளுக்குப் பற்களில் பழுப்புக் கறை. புளோரைடுதான் காரணம் என்கிறார்கள். இதையும் பருவநிலை மாற்றத்தின் விளைவு என்று சொல்லலாமா?

பதில்: அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. புளோரைடு நம் பாறையிலேயே இருக்கிறது. புவி வெப்பமடைவதற்கு முன்பும் இருந்தது. எல்லாவற்றையும் பருவநிலையின் தலையில் கட்டினால், செய்ய வேண்டியதைச் செய்யாதவர்களுக்கு அதுவே நல்ல சாக்காகிவிடும்.

அதே சமயம் தொடர்பே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. மழை பொய்க்கும் ஆண்டுகளில் திறந்த கிணறுகள் வற்றுகின்றன. ஆழ்துளை இன்னும் ஆழமாகப் போகிறது. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீர் மேலே வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள நீரைக் குடித்து வளரும் பிள்ளையின் பல்லில் முதலில் கறை. அளவு மிகுந்து ஆண்டுகள் கடந்தால் எலும்பிலும் மூட்டிலும் வலி. வறட்சி கூடக் கூட இந்த ஆபத்தும் கூடுகிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 மே 29 அன்று தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கம் இருக்கிறது. காவிரி நீர் குழாயில் வரும் நாளில் பிள்ளை காவிரியைக் குடிக்கிறது. வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போகிறது. குடிநீரை மனித உரிமை என்று ஐ.நா. பொதுச் சபை 2010 ஜூலை 28 அன்று அறிவித்தது. வாரத்தில் எத்தனை நாள் ஆற்று நீர் வந்தது, எத்தனை நாள் வரவில்லை என்று உங்கள் பிள்ளைகளையே ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதக் குறிப்பு இருந்தால் ஊராட்சியிடமும் குடிநீர் வடிகால் வாரியத்திடமும் பேசுவதற்கு அதைவிட வலுவான ஆதாரம் வேறில்லை.

மாந்தோப்பு விவசாயி, சந்தூர்

கேள்வி: வெயிலில் பூ கருகி, பிஞ்சு உதிர்ந்து, பெங்களூரா மாவில் பாதி விளைச்சல்கூட இல்லை. நிவாரணம் கிடைக்குமா?

பதில்: 2022 முதல் 2026 மார்ச் வரைக்கும் வகுக்கப்பட்ட மத்திய நிவாரண விதிகளின்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமடைந்த மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், 2 ஹெக்டேர் வரை உண்டு என்றிருந்தது. ஆனால் வெள்ளம், புயல், வறட்சி, ஆலங்கட்டி மழை போன்றவை இருந்த அந்தப் பேரிடர்ப் பட்டியலில் வெப்ப அலை இருக்கவில்லை. காற்று முறித்த மரத்துக்கு வழியிருந்தது, வெயில் கருக்கிய பூவுக்கு இல்லை என்பது அவ்விதிகளின் பெருங்குறை. கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் மரங்களின் எண்ணிக்கை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தோட்டக்கலைத் துறை அலுவலரைத் தோப்புக்கு அழைத்து வந்து காட்டி, பார்வையிட்டதை எழுத்தில் பெற்று வையுங்கள்.

சட்டக் கல்லூரி மாணவி, தருமபுரி

கேள்வி: வெளிநாட்டு நீதிமன்றங்களில் நிறுவனங்கள்மீது பருவநிலை வழக்குகள் நடக்கின்றன. அவற்றால் நம் ஊர் ஏழைக்கு ஏதாவது பயன் உண்டா?

பதில்: பெரு நாட்டு மலைப்பகுதி விவசாயி சௌல் லூசியானோ லியூயா, பனிப்பாறை உருகிப் பெருகும் ஏரியால் தன் வீட்டுக்கு ஆபத்து என்று சொல்லி, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.ஈ. மின் நிறுவனத்தின்மீது 2015இல் வழக்குத் தொடுத்தார். உலக உமிழ்வில் அந்நிறுவனத்தின் பங்கு ஏறக்குறைய 0.47 சதவீதம்; பாதுகாப்புச் செலவில் அதே பங்கைத் தா என்பது அவர் கோரிக்கை. 2025 மே 28 அன்று ஹாம் நகர மேல்நீதிமன்றம், அவர் வீட்டுக்கு உடனடி ஆபத்து மெய்ப்பிக்கப்படவில்லை என்று வழக்கைத் தள்ளியது. ஆனால் தொலைதூரத்து விளைவுக்கும் பெரும் உமிழ்வாளர் பொறுப்பேற்க நேரலாம் என்ற கோட்பாட்டை ஏற்றது. நெதர்லாந்தில் ஷெல் நிறுவனம் 2030க்குள் உமிழ்வை 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. அதுவும், பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் அக்கறைக் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் அந்த எண்ணை மட்டும் நீக்கியது. இவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. வாதத்துக்கு வலுச் சேர்க்கும். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையோ நாம் கடன் வாங்க வேண்டியதில்லை: வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் அதை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொல்லிவிட்டது.

தீர்வு என்பது எத்தனை தாமதமாக வரும் என்பதை அறிய நம் மாவட்டத்தைத் தாண்டிப் போக வேண்டாம். 1992 ஜூன் 20 அன்று மலைவாழ் மக்களின் கிராமமான வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பாலியல் வன்கொடுமை உட்படச் செய்த கொடுமைக்கு, தருமபுரி நீதிமன்றம் 2011இல் தண்டனை விதித்து, உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அதை உறுதிசெய்யும் வரை 31 ஆண்டுகள் ஆயின. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் 2011 தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டனர். அந்த மலைவாழ் பெண்கள் கடைசிவரை தளராமல் சாட்சி சொன்னதும், அவர்களோடு அமைப்புகள் நின்றதும்தான் அந்த வழக்கைக் காப்பாற்றியது. அது பருவநிலை வழக்கு இல்லைதான். ஆனால் அரசே தீங்கு செய்தால் எளியவர் எங்கே போவது என்ற கேள்வியை நம் மண்ணில் அதைவிடக் கூர்மையாக எழுப்பிய வழக்கை நான் அறியேன்.

ஆகவே காலக்கெடுக்களைப் படித்து வையுங்கள். பல நியாயங்கள் தேதி தவறியே தோற்றிருக்கின்றன. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு நிகழ்வு நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தில் பொதுவான சுற்றுச்சூழல் வழக்குக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். பலருக்கும் தெரியாத ஒன்று: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வெள்ளத்தாலும் வறட்சியாலும் பாதிக்கப்பட்டவருக்கு, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் போலவே, இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. அங்கே வெள்ளத்துக்காக வந்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

நீங்கள் சட்டம் படிப்பவர் என்பதால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். அடுத்த முறை ஊருக்குள் தண்ணீர் வந்து வடிந்ததும், உங்கள் தோழிகளோடு அந்தத் தெருக்களுக்குப் போங்கள். சுவரில் படிந்த சேற்றுக்கோடு தரையிலிருந்து எத்தனை அடி என்று நாடா வைத்து அளந்து, அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் பிடித்துப் படமெடுத்து, வீட்டுக்காரரின் பெயரோடும் கதவு எண்ணோடும் எழுதி வையுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள், அதற்குள் போய்விட வேண்டும்.